காவலாளனும் மூன்றாம் ஆளும்

திருச்சபையில் குருப்பட்டம் பெறும் ஒருவர் ஏற்கும் கடமைகள் பல. திருமுழுக்கு அளிப்பது, நற்கருணை நிறைவேற்றுவது, நோயாளிகளைச் சந்திப்பது, இறந்தோரை அடக்கம் செய்வது ஆகியவை எல்லார் கண்ணுக்கும் தெரிபவை. செய்தால் மக்கள் நன்றி சொல்வார்கள். செய்யாமல் விட்டால் அடுத்த நாளே வந்து கேட்பார்கள். பாவத்தைக் குறித்து எச்சரிக்கும் கடமை இந்த வரிசையில் சேராது. செய்தவருக்கு நன்றி கிடைப்பது அரிது. செய்யாதவரை மனிதர் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அந்தக் கணக்கைக் கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூலில் உள்ள போதனை. அதிலிருந்து தொடங்குவதே முறை.

எசேக்கியேல் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவர். கேபார் வாய்க்கால் ஓரத்தில், தெல்ஆபீப் என்ற குடியிருப்பில் வாழ்ந்தவர்களிடையே அவருக்கு அழைப்பு வருகிறது. காவலாளன் என்ற உருவகம் அவருடைய நூலில் இரண்டு இடங்களில் வருகிறது: 3ஆம் அதிகாரத்தில் பணியின் தொடக்கத்தில் ஒரு முறை, 33ஆம் அதிகாரத்தில், எருசலேம் விழுந்த செய்தி வந்து சேர்வதற்குச் சற்று முன்பு, இன்னொரு முறை. காவலாளனின் வேலை எளிது. மதில்மேல் நிற்க வேண்டும்; பட்டயம் வருவதைக் கண்டால் எக்காளம் ஊத வேண்டும். போரிடுவது அவன் வேலையன்று. மக்களைக் கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றுவதும் அவன் வேலையன்று. ஒலி எழுப்பினால் அவன் கடமை முடிந்தது. எழுப்பாமல் இருந்துவிட்டால், மடிந்தவனின் இரத்தப்பழி அவன் கையில் கேட்கப்படும்.

3ஆம் அதிகாரம் இதை நான்கு நிலைகளாகப் பிரித்துச் சொல்கிறது. எச்சரிக்கப்படாத துன்மார்க்கன், எச்சரிக்கப்பட்டும் திரும்பாத துன்மார்க்கன், வழி தவறியும் எச்சரிக்கப்படாத நீதிமான், எச்சரிக்கப்பட்டுத் தப்பிய நீதிமான். மேலோட்டமாக வாசிப்பவர் இரண்டு நுட்பங்களைத் தவறவிடக்கூடும். எச்சரிக்கப்படாமல் மடிந்தவனும் தன் பாவத்தினாலேயே மடிகிறான். ‘எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்ற சாக்கு அவனுக்கு உதவுவதில்லை. ஆகவே காவலாளனின் மௌனம் பாவியின் பொறுப்பைக் குறைக்காமல், இன்னொரு குற்றவாளியைக் கூட்டிவிடுகிறது. இரண்டாவது நுட்பம், நீதிமானும் அந்தப் பட்டியலில் இருப்பது. எச்சரிக்கை ஊருக்கு வெளியே நிற்கும் கெட்டவர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை இந்த நான்கு நிலைகளும் தொடக்கத்திலேயே தடுத்துவிடுகின்றன.

இங்கே சொற்களைச் சற்றுப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பழித்தல், கண்டித்தல், தீர்ப்பிடுதல், எச்சரித்தல் ஆகிய நான்கையும் பேச்சு வழக்கில் ஒன்றன் இடத்தில் ஒன்றாகப் புழங்குகிறோம். காலத்தை வைத்துப் பார்த்தால் அவை விலகி நிற்கும். முதல் மூன்றும் நடந்து முடிந்ததைப் பார்த்துப் பேசுபவை. எச்சரிக்கை மட்டுமே இன்னும் நடக்காததைப் பார்த்துப் பேசுகிறது; திரும்ப இன்னும் நேரம் இருக்கிறது என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. துன்மார்க்கன் சாவதில் தமக்கு மகிழ்ச்சியில்லை, அவன் திரும்பிப் பிழைக்க வேண்டும் என்பதே தமது விருப்பம் என்று ஆண்டவர் கூறுவதாக 33ஆம் அதிகாரம் காவலாளனின் கடமையை ஒட்டியே சொல்வதற்குக் காரணம் இதுதான். மேடையில் நின்று மக்களின் அழிவைச் சுவைத்துப் பேசும் குரல் எவ்வளவு உரத்து ஒலித்தாலும் அது எச்சரிக்கையாகாது.

அப்போஸ்தலர் பணிகளின் 20ஆம் அதிகாரத்தில் பவுல் இதே இரத்தப்பழியின் மொழியைக் கையில் எடுக்கிறார். எபேசுவின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து விடைபெறும்போது, எல்லாருடைய இரத்தப்பழிக்கும் தாம் நீங்கலானவர் என்கிறார். ஒன்றையும் மறைக்காமல் அறிவித்ததே அதற்குக் காரணம் என்கிறார். அந்த உரையில் எசேக்கியேலில் இல்லாத இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் கண்ணீரோடு புத்தி சொன்னதாக அவர் குறிப்பிடுவது. மற்றொன்று, எவருடைய வெள்ளிக்கும் பொன்னுக்கும் ஆடைக்கும் ஆசைப்படவில்லை, தம் கைகளாலேயே உழைத்துப் பிழைத்தோம் என்று அவர் சேர்ப்பது. கண்ணீரைப் பற்றிப் பேசாத பிரசங்கியார் இல்லை. பணத்தைப் பற்றிய அந்த வாக்கியம் மட்டும் பெரும்பாலும் தனியே வேறொரு பிரசங்கத்துக்குப் போய்விடுகிறது. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. யாருடைய தயவில் வாழ்கிறோமோ அவரை நோக்கி எக்காளம் ஊதுவது கடினம் என்பதைப் பவுல் அறிந்திருந்தார்.

எசேக்கியேலின் 33ஆம் அதிகாரத்துக்கே மீண்டும் வருவோம். அதன் இறுதிப் பகுதி நம் பேச்சில் அதிகம் வருவதில்லை. மக்கள் சுவரோரங்களிலும் வீட்டு வாசல்களிலும் நின்று தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். போய்க் கேட்போம் என்று ஒருவரையொருவர் அழைக்கிறார்கள். வந்து அமர்ந்து ஆர்வமாகக் கேட்கிறார்கள். இனிய குரலில் பாடும் காதற்பாட்டாக அவர்களுக்கு அவர் இருக்கிறார், கேட்டதைச் செய்வதில்லை. எச்சரிக்கை இவ்வாறும் வீணாகலாம். கல்லெறிந்து விரட்டப்படுவதைவிடக் கைதட்டி வரவேற்கப்படுவது காவலாளனுக்கு ஆபத்தானது என்பது என் எண்ணம். நற்செய்திக் கூட்டங்களில் திரைப்படம், மது, உலக நாகரிகம் ஆகியவற்றின்மேல் இடி முழங்கும்போது பந்தலுக்குள் இருப்பவர்கள் தலையசைத்து மகிழ்வதைக் காணலாம். அங்கே கண்டிக்கப்படுபவர் பந்தலுக்கு வெளியே இருக்கிறார்.

அப்படியானால் எந்தப் பாவத்தைக் குறித்து எச்சரிப்பது? இதற்கும் அதே அதிகாரத்தில் விடை உண்டு. திரும்புகிற துன்மார்க்கன் என்ன செய்வான் என்று விவரிக்கும்போது எசேக்கியேல் மனநிலைகளைப் பற்றிப் பேசவில்லை. வாங்கிய அடகைத் திருப்பிக் கொடுப்பான், கொள்ளையிட்டதை ஈடுசெய்வான் என்கிறார். அடகுப் பொருளுக்கு ஓர் உரியவன் உண்டு. கொள்ளைக்கு ஓர் இழந்தவன் உண்டு. காவலாளன், பாவி என்ற இருவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நமக்கு இங்கே மூன்றாவது ஆள் ஒருவர் தெரிகிறார். பாவம் எவருக்கு எதிராகச் செய்யப்பட்டதோ அவர். எச்சரிக்கும் கடமையைப் பற்றிய பேச்சில் மிகுதியாக விடுபடுபவர் இவர்தான். எச்சரிக்கை சரியாகச் செய்யப்பட்டதா என்பதை அளக்க இவரைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

நாத்தான் தாவீதிடம் சென்ற நிகழ்ச்சி (2 சாமுவேல் 12) எல்லாரும் அறிந்தது. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட அரசனிடம் தீர்க்கதரிசி ஒரு வழக்கைக் கொண்டுவருகிறார்: மந்தைகள் உடைய செல்வன், தன்னிடம் இருந்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிள்ளையைப் போல வளர்த்த ஏழையிடமிருந்து அதைப் பறித்துச் சமைத்துவிட்டான். அரசன் சினந்து தீர்ப்புச் சொல்கிறான். அந்தத் தீர்ப்பு அவன் தலையிலேயே விழுகிறது. இதை நாத்தானின் சாமர்த்தியம் என்று விளக்குவது வழக்கம். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அந்தக் கதை தாவீதின் முன் ஏழையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவன் வீடு, அவன் கிண்ணத்தில் குடிக்கும் குட்டி, அவன் மடியில் அதன் உறக்கம் என்று பாதிக்கப்பட்டவனை முதலில் காட்டிவிட்டுத்தான் குற்றத்தைச் சொல்கிறார் நாத்தான். தாவீதின் மனந்திரும்புதலோடு மரபு இணைத்துச் சொல்லும் 51ஆம் சங்கீதம், பாவம் கடவுள் ஒருவருக்கே எதிரானது என்று அறிக்கையிடுகிறது. இறையியல் நோக்கில் அதற்கு ஆழமான பொருள் உண்டு. எனினும் அதை வாசிக்கும்போது உரியாவைத் தேடாமல் இருக்க முடிவதில்லை.

எச்சரிக்கும் முறையைப் பற்றி விரிவாக எழுதியவர் பெரிய கிரகோரியார். 590இல் உரோமையின் ஆயராகப் பொறுப்பேற்றதை ஒட்டி அவர் எழுதிய ‘மேய்ப்புப்பணி விதி’ நான்கு பகுதிகள் கொண்டது. மூன்றாம் பகுதியே மிக நீளமானது. அதில் கேட்போரை இணை இணையாகப் பிரித்துக்கொண்டே போகிறார்: ஏழைகள், செல்வர்; மகிழ்ந்திருப்போர், துயருற்றோர்; நாணமுள்ளவர், நாணமற்றவர்; அதிகம் பேசுவோர், பேசாதோர். ஒருவருக்கு மருந்தாகும் சொல் மற்றவருக்கு நஞ்சாகலாம் என்பதே அவர் கருத்து. செல்வத்தின் செருக்குள்ளவர்களைச் சில வேளைகளில் நேரடியாகத் தாக்காமல் ஒப்புமை வழியாக அணுகலாம் என்னும் இடத்தில் அவரும் நாத்தானையே சான்றாகக் காட்டுகிறார். நான்காம் பகுதி ஒரே அதிகாரம். நன்றாகப் பேசி முடித்த மேய்ப்பர் அந்தப் பேச்சினாலேயே செருக்குற்று விழாமல் தம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் அரசர் இந்நூலைத் தம் நாட்டு மொழியில் பெயர்த்து ஆயர்களுக்கு அனுப்பினார்.

ஆனால் முறை சரியாக இருந்து, துணிவும் இருந்து, எது பாவம் என்ற கணிப்பே தவறினால்? மிலானின் ஆயர் அம்புரோசியாரின் வாழ்வில் இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். 390இல் தெசலோனிக்கே நகரில் ஒரு தேரோட்டி சிறையில் அடைக்கப்பட்டதால் எழுந்த கலகத்தில், புத்தேரிக் என்ற படைத்தலைவர் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கப் பேரரசர் தியோடோசியஸின் படை நகர மக்களைக் கண்மூடித்தனமாக வெட்டி வீழ்த்தியது. இறந்தவர் ஏழாயிரம் பேர் என்று பின்னாளில் தியோடோரெத் எழுதினார். ஆயர் ஆலய வாசலில் நின்று பேரரசரைத் தடுத்தார் என்ற காட்சியும் தியோடோரெத்தின் எழுத்தில் வருவது. ஓவியர்கள் விரும்பி வரைந்தது. அம்புரோசியாரின் கையிலிருந்து நமக்குக் கிடைத்திருப்பதோ ஒரு கடிதம். உடல்நலத்தைக் காரணம் காட்டி நகரை விட்டு விலகி இருந்துகொண்டு, பேரரசர் மட்டுமே வாசிப்பதற்காகத் தம் கையாலேயே எழுதினார். தாவீதைப் போல மனந்திரும்பும்படி வேண்டினார். பேரரசர் வந்து நின்றால் தம்மால் பலி ஒப்புக்கொடுக்க இயலாது என்றார். தியோடோசியஸ் மக்கள் முன்பாகத் தவமுயற்சி செய்து, அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் மீண்டும் நற்கருணையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

இந்த நிகழ்ச்சியை ஆயர்களின் வீரத்துக்குச் சான்றாகச் சொல்பவர்கள், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 388இல் யூப்ரத்தீசு ஆற்றங்கரையிலுள்ள கல்லினிக்கும் நகரில் ஒரு கிறிஸ்தவக் கும்பல் யூதர்களின் தொழுகைக்கூடத்தைக் கொளுத்தியது. தூண்டியவர் அவ்வூர் ஆயர் என்று சொல்லப்பட்டது. அந்த ஆயரே அதைத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்பது தியோடோசியஸின் முதல் ஆணை. அம்புரோசியார் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். பின்பு ஆலயத்தில் பேரரசரின் முகத்துக்கு நேரே, நாத்தான் தாவீதிடம் பேசிய தோரணையில் பிரசங்கித்தார். ஆணை கைவிடப்படும் என்று வாக்குப் பெறும்வரை வழிபாட்டைத் தொடர மறுத்தார். துணிவில் குறைவில்லை, பேரரசரின் சினத்துக்கு அவர் அஞ்சவும் இல்லை. ஆனால் கொள்ளையிட்டதை ஈடுசெய்வதே மனந்திரும்புதல் என்று எசேக்கியேல் சொல்லியிருக்க, ஈடுசெய்யச் சொன்ன ஆணையையே ஆயர் பாவமாகக் காட்டினார். தெசலோனிக்கேயில் கொல்லப்பட்டவர்களைக் கண்ட அவர் கண்களுக்குக் கல்லினிக்குமில் தொழுகைக்கூடம் இழந்தவர்கள் தெரியவில்லை. அச்சமற்ற எச்சரிக்கையும் அநீதிக்குத் துணைபோகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

மூன்றாம் ஆளைக் கண்டவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு ஹிஸ்பானியோலா தீவுக்குச் செல்ல வேண்டும். 1510இல் டொமினிக்கன் துறவியர் சிலர் அங்கு வந்தார்கள். அவர்களுடைய தலைவர் பேத்ரோ தெ கோர்தோபா. ஸ்பானியக் குடியேறிகள் தாயினோ மக்களைச் சுரங்கத்திலும் தோட்டத்திலும் அடிமைகளைப் போல வதைத்து, அவர்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதை இத்துறவியர் கண்டார்கள். 1511 டிசம்பர் 21, திருவருகைக்காலத்தின் நான்காம் ஞாயிறு. சாந்தோ தொமிங்கோவின் பெரியவர்கள் அனைவரும் வரும்படி முன்கூட்டியே அழைப்பு விடுக்கப்பட்டது. கொலம்பஸின் மகனும் தீவின் ஆளுநருமான தியேகோ கொலோனும் வந்திருந்தார். பிரசங்க மேடை ஏறியவர் அந்தோனியோ தெ மோந்தேசினோஸ். பாலைநிலத்தில் கூப்பிடுகிறவனின் குரல் என்ற திருமுழுக்கு யோவானின் சொல்லை எடுத்துக்கொண்டு, இந்த மக்களுக்குச் செய்யும் கொடுமையால் நீங்கள் எல்லாரும் சாவான பாவத்தில் வாழ்கிறீர்கள் என்று எதிரே அமர்ந்திருந்தவர்களிடமே சொன்னார். இவர்கள் மனிதர்கள் அல்லவா, இவர்களுக்கு ஆன்மா இல்லையா என்ற கருத்தில் கேள்விகளை அடுக்கினார்.

ஆளுநரும் அதிகாரிகளும் துறவியரின் குடிசை மடத்துக்குப் போய், அந்தத் துறவியைக் கூப்பிடுங்கள் என்றார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில்தான் இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பேசியது ஒருவரேயானாலும், அந்தப் பிரசங்கம் மடத்தார் அனைவருடையது என்று பேத்ரோ தெ கோர்தோபா சொன்னார். அவர்கள் அதை முன்பே கூடி ஆராய்ந்து, எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்கும் பிரசங்கத்தை எதிர்பார்த்து அடுத்த ஞாயிறு கூடியவர்களிடம் மோந்தேசினோஸ் முன்பு சொன்னதையே இன்னும் உறுதியாகச் சொன்னார். திருந்தாதவர்களுக்கு இனிப் பாவசங்கீர்த்தனம் கேட்க மாட்டோம் என்றும் அறிவித்தார். பிச்சையேற்று வாழும் துறவியர் அவர்கள். சோறு போட்ட கைகளையே குற்றம்சாட்டினார்கள். கைத்தொழிலால் பவுலுக்குக் கிடைத்த விடுதலை, ஒருவரையொருவர் கைவிடாத ஒற்றுமையால் இவர்களுக்குக் கிடைத்தது. தனி ஆளாக எச்சரிக்கும் போதகரை மாற்றல் உத்தரவு ஒன்றில் அமைதிப்படுத்திவிடலாம். கூடி நின்று பேசும் குருக்குலத்தை அவ்வளவு எளிதாக முடியாது.

பலன் என்ன? குடியேறிகள் திருந்தவில்லை. 1512இல் ஸ்பெயின் அரசு வெளியிட்ட பூர்கோஸ் சட்டங்கள் கொடுமைக்குச் சில வரம்புகளை விதித்தன; அடிப்படை அமைப்பை அப்படியே விட்டுவிட்டன. அந்தத் தீவில் தாயினோ மக்களை வேலைவாங்கி வாழ்ந்தவர்களில் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற குருவும் ஒருவர். டொமினிக்கன் துறவி ஒருவர் அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க மறுத்தார். லாஸ் காசாஸ் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. 1514இல்தான் தம்மிடம் இருந்தவர்களை விடுவித்தார். பிறகு ஐம்பது ஆண்டுகள் அம்மக்களுக்காகவே வாதாடினார். மோந்தேசினோஸின் பிரசங்கம் நமக்குத் தெரியவருவதும் அவர் எழுதிய வரலாற்றின் வழியேதான். ஒலி எழுப்பிய நாளிலேயே கேட்பார்கள் என்று காவலாளனுக்கு எவரும் வாக்களிக்கவில்லை.

தமிழ்த் திருச்சபைக்கும் இந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததிலிருந்து லுத்தரன் மிஷனரிகள் சபைக்குள் சாதியை ஒரு சமூக வழக்கம் என்று கருதிப் பொறுத்துக்கொண்டார்கள். ஆலயத்தில் இருக்கை பிரிந்திருந்தது. நற்கருணைக்கு வரும் வரிசையிலும் முன்பின் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்படியே நடந்த பிறகு, 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய மிஷனரிகளுக்கு ஒரு சுற்றுக்கடிதம் அனுப்பினார். சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து உடனடியாகவும் முற்றாகவும் நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு விலகினார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த ஆணையில், முகம் பார்த்துப் பேசும் நாத்தானின் பொறுமை குறைவு என்று ஒருவர் குறை சொல்லலாம். அந்தக் குறையில் நியாயமும் உண்டு. அதைச் சொல்பவர், நூறு ஆண்டு மௌனத்தின் இரத்தப்பழியையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

விலகியவர்களில் பலர் பின்னர் லைப்சிக் மிஷனில் சேர்ந்தார்கள். 1840களில் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற அந்த மிஷன் சாதி விஷயத்தில் மென்மையான நிலை எடுத்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் சாதாரணமானவர் அல்லர். தமிழைக் கற்று, திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். சாதி பெரும்பாலும் சமூகம் சார்ந்தது, நற்செய்தி உள்ளே வேலைசெய்து அதைப் படிப்படியாகக் கரைக்கும், ஆணையிட்டு ஒழிக்க இயலாது என்பது அவர் வாதம். கற்றறிந்தவரின் வாதம், அலட்சியமாகத் தள்ளத்தக்கதன்று. ஆயினும் படிப்படியாக என்ற சொல்லின் நீளத்தை அளந்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களே. பின்வரிசையில் காத்திருந்து, மற்றவர்கள் அருந்தி முடித்த பின் கிண்ணத்தை நெருங்கியவரிடம் அந்த வாதத்தைச் சொல்லி, இது பாவமா வழக்கமா என்று கேட்டிருந்தால், காவலாளனுக்கு வேண்டிய விடை அன்றே கிடைத்திருக்கும்.